நண்டுத்தாள்

இயந்திரம் வீரிட்டு அலறியபோது காலை பத்து இருபது. விடத்தல்தீவு நண்டு வாடியில் சதை பிரித்துக்கொண்டிருந்த பதினான்கு பெண்களும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினார்கள்.

சத்தம் வந்தது பின்னறையிலிருந்து. அதுதான் நிஸ்லாவின் ஆய்வுகூடம். முன்னால் நண்டு வேகும். பின்னால் அந்த நண்டின் ஓட்டிலிருந்து அவள் சவ்வு செய்வாள். மூன்று வருடமாக இதுவே வேலை. ஓட்டை அமிலத்தில் போட்டு, காரத்தில் போட்டு, கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால், வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு மெல்லிய தாள் வரும். வாடிப் பெண்கள் அதற்கு நண்டுத்தாள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இயந்திரத்தின் திரையில் வோல்ற்றளவு விழுந்துகொண்டிருந்தது. 0.61. 0.38. 0.12. சவ்வை நடுவில் வைத்து ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தோடு பொருத்தியிருந்த விரலளவு விசிறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

எந்த நாளிலும் நடந்திருக்கலாம். இன்றைக்கு நடந்தது. அவளுக்குப் பின்னால் கதிரையில் பேராசிரியர் பைறூஸ் உட்கார்ந்திருந்தார்.

பைறூஸின் சொந்த ஊர் கொண்டச்சி. இப்போது கொழும்பில் இருக்கிறார். இயந்திரத்தை இரவல் கொடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவின் நிபந்தனை ஒரு வரிதான்: சவ்வு அரை வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் ஒரு மணித்தியாலம் நிற்கவேண்டும். நின்றால் ஆய்வு இங்கேயே தொடரும். நிற்காவிட்டால் இயந்திரம் வேறொருவருக்குப் போகும். ஏற்றிப்போக வாசலில் வான் வண்டி நின்றது.

"நாலு மணிக்கு நான் வெளிக்கிடவேணும்," என்றார் பைறூஸ். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வெளியே போய், பெண்கள் கொடுத்த பால் விடாத பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

நிஸ்லா ஐதரசன் குழாயைச் சோதித்தாள். கசிவில்லை. ஒட்சிசன் சரி. கலத்தைக் கழற்றிச் சவ்வை வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிசலில்லை, ஓட்டையில்லை. சனிக்கிழமை இதே தொகுதிச் சவ்வு மூன்று மணித்தியாலம் நின்றது. இரண்டு இரவுக்குள் என்ன வந்தது?

மற்ற இரண்டு சவ்வுகளும் ஊறிக்கொண்டிருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள். தட்டின் விளிம்பில், தண்ணீர் வற்றிய மட்டத்தில், வெள்ளையாக ஒரு கோடு. மன்னாரில் பிறந்த எவருக்கும் அந்தக் கோட்டைத் தெரியும். உப்புப் பூத்திருந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "நேற்று இந்தத் தட்டுக்குள்ள ஆர் தண்ணி விட்டது?"

வாசலில் வந்து நின்றவள் பிரான்சிஸ்கா. வாடிப் பெண்களுக்கு மேற்பார்வை அவள்தான். கை முழங்கைவரை நண்டு நீர். நிஸ்லாவுக்கு ஓடு கழுவி, காயவைத்து, இடித்துக் கொடுப்பதும் அவளே.

"நான்தான் மிஸ். ஏன்?"

கதை மெல்ல மெல்ல வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வாடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். சோளகக் காற்றில் தட்டு பாதி வற்றிக் கிடந்தது. காயவிடக் கூடாது என்று நிஸ்லா ஆயிரம் தரம் சொல்லியிருந்தாள். காய்ச்சி வடித்த தண்ணீர் பூட்டிய அலுமாரிக்குள், அதன் திறப்பு மன்னார் ரவுணில் நிஸ்லாவின் கைப்பைக்குள். கிணறு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் நண்டோடு முப்பது வருடம் பழகியவள் நண்டுச் சாமானில் கிணற்றுத் தண்ணீரைப் படவிடுவாளா? நல்ல தண்ணீர் பட்டால் உயிர் நண்டு செத்துப்போகும், செத்த நண்டின் சதை நெகிழ்ந்துபோகும். அதனால் சேற்றைத் தாண்டி, இடுப்பளவு ஆழத்துக்குப் போய், தெளிந்த கடல்நீர் மொண்டு, வெள்ளைத் துணியால் மூன்று தரம் வடித்து ஊற்றியிருக்கிறாள்.

"நண்டில இருந்து வந்த சாமான்தானே மிஸ். கடல் தண்ணிதானே அதுக்கு உயிர்."

நிஸ்லாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"அக்கா, தலைமன்னார் பஸ்ஸில ஏறியிருக்கிறீங்கள்தானே?"

"ஏறாமல்? மூட்டையோட ஏறி ஏச்சும் வாங்கியிருக்கிறன்."

"இந்தத் தாளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சீற்றுகள் இருக்கு. ஐதரசனிட்ட இருந்து வாற புரோத்தன், பொடிப் பயணி. கையில ஒண்டுமில்லை. சீற்றுக்குச் சீற்று துள்ளி மற்றக் கரைக்குப் போயிடும். கடல் தண்ணியில சோடியம் இருக்கு. அது மூட்டையோட ஏறி எல்லாச் சீற்றையும் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டுது. இப்ப புரோத்தனுக்கு இடமில்லை."

பிரான்சிஸ்கா தட்டையும் நிஸ்லாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப இறக்கி விடுங்கோவன்," என்றாள்.

அதுதான் வழி. நிஸ்லாவுக்கும் தெரியும். ஐதான சல்பூரிக் அமிலத்தில் ஊறவைத்தால் புரோத்தன்கள் கூட்டமாக வந்து சோடியத்தைக் கிளப்பிவிடும். இரண்டு மணித்தியாலம் ஊறவேண்டும். பிறகு வடித்த நீரில் ஆறேழு தரம் அலசவேண்டும். நேரம் மட்டுமட்டு. இன்னொரு பயமும் இருந்தது. இரண்டு சவ்வுகளும் உப்பிலும் அமிலத்திலும் மாறிமாறி ஊறித் தாங்குமா என்று அவளுக்கே தெரியாது. காலையில் கலத்தில் வைத்ததன் விளிம்பு இறுக்கத்தில் நசுங்கியிருந்தது; அதை மறுபடி பூட்டமுடியாது.

இரண்டையும் அமிலத்தில் போட்டுவிட்டு, வெளியே போய்ப் பைறூஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடல் தண்ணீரா என்று ஒரு தரம் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணிக்கு முதலாவது சவ்வை இடுக்கியால் தூக்கினாள். பாதியில் மெல்லிய கோடு ஓடியது. அடுத்த கணம் இரண்டாகக் கிழிந்து தட்டில் விழுந்தது.

மிஞ்சியது ஒன்று.

நிஸ்லா இடுக்கியை மறுபடி தட்டுக்குள் நீட்டினாள். பிரான்சிஸ்கா இடுக்கியை வாங்கி ஓரமாக வைத்தாள். சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவி, கையுறை மாட்டி, விரல்களை விரித்துச் சவ்வின் அடியில் நுழைத்தாள். இளநண்டின் ஓட்டை முறியாமல் தூக்குகிற கை அது. தாள் நீரோடு சேர்ந்து எழுந்து வந்தது. ஆறு தரம் அலசியபோதும் ஆறு தரமும் அவளே தூக்கினாள்.

இரண்டு நாற்பதுக்குக் கலம் பூட்டியாயிற்று. பைறூஸ் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். நிஸ்லா வாயுக்களைத் திறந்தாள். மின்சுமையைக் கொடுத்தாள்.

0.20.

0.34.

எண் ஏறிற்று. 0.49. 0.55. விசிறி ஒரு தரம் அசைந்து, தயங்கி, பிறகு இறகுகள் தெரியாத வேகத்தில் சுற்றத் தொடங்கியது. 0.63 என்ற இடத்தில் எண் நின்றது. ஆணி அடித்தாற்போல நின்றது.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலை அடைத்தார்கள். நிஸ்லா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஐதரசன், அந்தப் பக்கம் ஒட்சிசன், நடுவில் நண்டுத்தாள். தாள் புரோத்தனை மட்டும் விடும். இலத்திரனை விடாது. இலத்திரன் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அந்தச் சுற்றுத்தான் விசிறியைச் சுழற்றுகிறது. புகையில்லை, நெருப்பில்லை, சத்தமில்லை. மறுகரையில் எல்லாம் கூடும்போது மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, கலத்தின் அடியில் தொங்கிய கண்ணாடிக் குழாயின் நுனியில் ஏதோ மினுங்கியது. கடுகளவு. பிறகு மிளகளவு. வீங்கி, நீண்டு, கழுத்துச் சிறுத்து, அடியிலிருந்த முகவைக்குள் விழுந்தது. காலையில் அது நீராக இருக்கவில்லை. இரண்டு வாயுக்களாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு எறிகிற ஓட்டின் வழியாகக் கடந்து, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் நீராகி விழுந்தது.

யாரோ ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். வாடிப் பெண்களில் பின்னால் நின்ற றிஸ்மினா, "சுபஹானல்லாஹ்" என்றாள், தனக்குள் சொல்வதுபோல.

மூன்று நாற்பதுக்கு ஒரு மணித்தியாலம் நிறைந்தது. திரையில் 0.63. நான்கு மணி ஆயிற்று. வான் சாரதி வந்து எட்டிப் பார்த்தான். நிஸ்லா திரும்பிப் பைறூஸைப் பார்த்தாள்.

அவர் கதிரையில் இல்லை. சீமெந்துத் தரையில் முழங்காலிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, குழாயின் நுனிக்கு முகத்தைக் கொண்டுபோயிருந்தார். அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

சாரதி நேரத்தைச் சொன்னான். அவர் கையை மட்டும் உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். சொட்டு விழுந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"இருபத்தாறு வருசமா கரும்பலகையில கீறிப் படிப்பிச்சனான், நிஸ்லா. இது விழுறதைக் கண்ணால காணுறது இண்டைக்குத்தான்."