முதல் பெட்டியா, இரண்டாவது பெட்டியா?

பஸ்ஸுக்குள் எல்லாம் வந்துவிட்டது, ஒரே ஒரு பெட்டியைத் தவிர. பின் இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் கட்டில் வந்துவிட்டது. ஜன்னல்களுக்குத் திரை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரைமேல் இரண்டு சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் புத்தம்புது பாட்டரி, எல்லாம் வந்து அதது இடத்தில் உட்கார்ந்துவிட்டன. தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே நின்று, வருகிற மின்சாரத்தை அளவு பார்த்துப் பாட்டரிக்கு ஊட்டுகிற சார்ஜ் கன்ட்ரோலர் மட்டும் வரவில்லை. அதற்கான இடத்தில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், பென்சிலால் குறித்த நான்கு புள்ளிகள் இருந்தன. பஸ்ஸம்மா போகும்போதும் வரும்போதும் அந்தப் புள்ளிகளை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவாள். கோடை தொடங்கியபோது குறித்தது. இப்போது கோடை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸம்மா என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர். ஓய்வு பெறும்வரை அவர்களுடைய பஸ்ஸை அவள்தான் ஓட்டினாள். அத்தனை வருஷமும் ஒரே சாலை. ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி வரை போய், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். தொட்டிக்கு அப்பாலும் சாலை நேராகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே போகிறது என்று பார்க்க நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. பள்ளிக்கூடம் அந்தப் பழைய பஸ்ஸைக் கழித்துக்கட்டியபோது அதை வாங்கிப் போட்டது அவள்தான். அந்தச் சாலையில் திரும்பாமல் போக வேண்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

அதற்குக் குறுக்கே நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையைக் கைமாற்றிவிட்ட பிறகும் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டுக் காட்டி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. ஆயுசு முழுக்க ஊரையே கேட்டவர். யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. ஒரு சட்டை எடுக்கப் போனால்கூட இரண்டு சட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை கண்ணாடி முன்னால் நிற்பார்.

தன் தொழிலில் அவருக்கு ஒரு தந்திரம் இருந்தது. சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எதைப் போட்டாலும் திருப்திப்படாத சந்தேகப் பேர்வழிகள் வந்தால், போட்டிருந்த கண்ணாடியை எடுத்து, துடைப்பது போல் துடைத்து, அதையே மறுபடியும் போடுவார். "ஆஹா, இது ரொம்பத் தெளிவா இருக்கே" என்பார்களாம். "கண்ணு நல்லாத்தான் இருக்கும் பஸ்ஸம்மா. மனசுக்குத்தான் ரெண்டாவது தடவை தேவைப்படும்" என்பார்.

இப்படிப்பட்டவர் இரண்டு கன்ட்ரோலர் பெட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தபோது முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போகப் போகச் சிரிப்பு வற்றிவிட்டது.

அவர் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டாக்டர் ஒரு கருவி கொடுத்திருந்தார். மூக்கில் ஒரு மூடியை மாட்டிக்கொண்டு படுத்தால், குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். கருவி மெல்ல முனகிக்கொண்டிருக்கும். போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி மின்சாரம் போய்விட்டது. பஸ்ஸம்மா சத்தம் கேட்டு விழிக்கவில்லை, சத்தம் நின்றுபோனதால் விழித்தாள். பக்கத்தில் அவர் மூச்சில்லாமல் கிடந்தார். உலுக்கி எழுப்பியபோது ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து, "என்ன, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ராத்திரியில் அவள் சரியாகத் தூங்கியதே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கருவியின் முனகலைக் கேட்டபடி படுத்திருப்பாள். இது அவருக்குத் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

ஆக, மின்கம்பம் இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க அந்தக் கருவி ஓட வேண்டும். ஓடித் தீர்ந்த பாட்டரியை மறுநாள் வெயில் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கொடுக்கும் பெட்டி எது என்பதில்தான் கண்ணாடிக்காரர் ஒற்றைக் காலில் நின்றார்.

சோலார் கடையை நடத்தியது ஓர் இளம்பெண். அவர் வாசலில் தலை காட்டினாலே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவாள். நின்றுகொண்டு பேசி முடிகிற விஷயமில்லை என்பது அவளுக்குப் பழகியிருந்தது. பி.டபிள்யூ.எம். என்கிற மலிவான வகையை முதல் நாளே கழித்தாயிற்று. தகடு கூடுதலான வோல்ட்டில் கொடுப்பதை அது வீணாக்கிவிடும். எம்.பி.பி.டி. வகை அந்தக் கூடுதலையும் மாற்றிப் பாட்டரிக்குள் போட்டுவிடும், மேகம் மூடிய நாளிலும் முடிந்ததைக் கறந்துவிடும். அதுதான் வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. அதிலேயே முப்பது ஆம்பியரா, நாற்பது ஆம்பியரா என்பதில் வண்டி நின்றுவிட்டது.

"சார், உங்க ரெண்டு தகடும் உச்சி வெயில்ல முப்பதுக்குக் கொஞ்சம் மேல தரும்" என்றாள் கடைப்பெண், மனப்பாடமாக. "முப்பது வாங்கினா அந்தக் கொஞ்சம் போகும். நாற்பது வாங்கினா அதுவும் உள்ள வரும். உங்க மிஷின் ராத்திரி பூரா ஓடினாலும் பாட்டரில கால் பங்குகூடக் காலியாகாது. எதை வேணா எடுத்துக்கலாம்."

"எதை வேணான்னா, எதை?"

கடைப்பெண் பஸ்ஸம்மாவைப் பார்த்தாள். பஸ்ஸம்மா கூரையைப் பார்த்தாள்.

"சரி, பாட்டரி இறங்கினா இது சத்தம் போடுமா?"

"ரெண்டுமே போடும் சார்."

"எவ்வளவு சத்தம்? பக்கத்துல அசந்து தூங்குறவங்க எழுந்துக்கிற அளவுக்கா?"

அவள் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினாள். பெட்டி கீச்சென்று கத்தியது. கண்ணாடிக்காரர் கடையின் மறுகோடிக்குப் போய், கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு, "இப்போ போடும்மா" என்றார். அது மறுபடியும் கத்தியது. வேறு யாரோ பல்பு வாங்க வந்தவர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். பஸ்ஸம்மாவுக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. தன் உயிர்மேல் இவருக்கு இவ்வளவு பயமா என்று கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"ரெண்டையும் கொடும்மா" என்றாள். "வேண்டாததைத் திருப்பித் தந்துடறேன்."

கடைப்பெண் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. முதல்ல பாட்டரி ஒயர், அப்புறம்தான் தகட்டு ஒயர். மாத்திக் குடுத்தா பெட்டி கெட்டுப்போகும்."

வீட்டுக்கு வந்ததும் பஸ்ஸம்மா சட்டம் போட்டாள். பஸ் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் நிற்கும், இரண்டு ராத்திரியும் அதில்தான் இருவரும் படுக்க வேண்டும். முதல் ராத்திரி ஒரு பெட்டி, அடுத்த ராத்திரி இன்னொன்று. எது எதுவென்று அவருக்குத் தெரியக் கூடாது. பெட்டியின்மேல் துண்டு தொங்கும், துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது ராத்திரி விடிந்ததும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"இது என்ன விளையாட்டு?" என்றார் அவர்.

"உங்க கடை விளையாட்டுதான். ஊருக்கே ஆடிக் காட்டினீங்களே, இப்போ நாற்காலில நீங்க உட்காருங்க."

தன் முறையையே குறை சொல்ல முடியாமல் அவர் தலையாட்டினார்.

முதல் நாள் அவள் முப்பதை மாட்டினாள். பஸ்ஸில் ஃபியூஸ் மாற்றிப் பழகிய கை. பாட்டரி ஒயர், அப்புறம் தகட்டு ஒயர், நாலு திருகு, மேலே துண்டு. அந்த ராத்திரி எந்த ராத்திரியையும் போலத்தான் போனது. கருவி முனகியது, அவள் விழித்துக் கிடந்தாள். நடுநடுவே துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டாள். சட்டம் அவருக்குத்தானே.

மறுநாள் சாயங்காலம் ரொட்டி வாங்கி வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, திருப்புளியும் கையுமாகப் பெட்டிமுன் உட்கார்ந்தாள். பாட்டரி மத்தியானத்துக்குள்ளேயே நிரம்பிவிட்டதாகத் திரை காட்டியது. பஸ்ஸம்மாவுக்கு அந்தப் பெட்டிமேல் பிரியம் வந்துவிட்டது. ராத்திரி பூரா உழைத்ததைப் பகலில் பாதியிலேயே சரிக்கட்டிவிட்டு, கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. இதை எதற்குக் கழற்ற வேண்டும்? அப்போதுதான் துடைத்துவிட்டு மறுபடியும் போடுகிற அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அவர் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டதும் திருப்புளியால் ஒரு கிண்ணத்தை நாலு தட்டுத் தட்டினாள். "ஆச்சு, மாத்தியாச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள்.

படுக்கும்போது கருவி வழக்கம்போல முனகியது. நேற்று ஓடிய பெட்டிதானே, இன்றைக்கும் ஓடும் என்று நினைத்துக்கொண்டாள். சும்மா கொஞ்சம் கண்ணை மூடலாமே என்று மூடினாள். திறந்தபோது திரைச்சீலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் அவளுக்கு முன்னால் எழுந்து, டீ போட்டு, படியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் மூடியின் வார் பதிந்த தடம் இன்னும் இருந்தது. அவள் தலையை அள்ளி முடிந்துகொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சொல்லுங்க. முதல் பெட்டியா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

கோடை முழுக்க ஒரு முடிவும் சொல்லாதவர் இப்படிப் பட்டென்று சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்லை. நேத்து மாதிரி நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. ரெண்டாவதுதான்."

பஸ்ஸம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளே போய்த் துண்டை உருவினாள். "வந்து பாருங்க. அதே முப்பது. நாற்பது முன் சீட்டுல பெட்டி பிரிக்காமக் கிடக்கு. ஒரே கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டேன்."

அவர் எழுந்து வந்து பார்த்தார். அசடு வழியப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தார்.

"நல்லா மாட்டிவிட்டே. ஆனா, பெட்டி மாறலைன்னாலும் நேத்து ஒண்ணு மாறுச்சு பஸ்ஸம்மா."

"என்ன மாறுச்சாம்?"

"நீ தூங்கினே."

அவள் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு மூக்குலதான் மூடி. காது ரெண்டும் திறந்துதான் இருக்கு" என்றார் அவர். "கரண்ட் போன அன்னியில இருந்து நீ தூங்குறதில்லை. நீ என் மிஷினைக் கேட்டுட்டுப் படுத்திருப்பே, நான் உன் மூச்சைக் கேட்டுட்டுப் படுத்திருப்பேன். தூங்குறவ மூச்சு எது, தூங்குற மாதிரி நடிக்கிறவ மூச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுலன்னா பகல்ல ஒரு கண் அசந்துக்கலாம். ரோட்டுல? பகல் பூரா வண்டி ஓட்டிட்டு, ராத்திரி பூரா எனக்குக் காவல் இருந்தா மூணாம் நாள் என்ன ஆகும்? அதான் தேடினேன். எந்தப் பெட்டியை மாட்டினா நீ தூங்குவேன்னு. இதைக் கடையில போய் எப்படிக் கேக்குறது?"

கடையின் மறுகோடியில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் அசந்து தூங்குகிறவர் என்று அவர் சொன்னது தன்னைத்தான். கோடை முழுக்க இந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். அழுகையை மறைக்க அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, 'நான் நல்லாத்தான் தூங்குறேன்'னு சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பாள்தான். "டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். போகிற வழியில் சோலார் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் இறங்கிப் போய், பிரிக்காத நாற்பதை மேஜைமேல் வைத்தார்.

"கடைசில எது சார் நல்லா இருந்துச்சு?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"ரெண்டாவதும்மா" என்றார் அவர். "சந்தேகமே இல்லை."

அவள் சீல் உடையாத அட்டைப்பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்டால் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடக்கூடும் என்று தோன்றியிருக்க வேண்டும். "ரொம்ப சந்தோஷம் சார், பத்திரமா போயிட்டு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பழக்க தோஷத்தில் பஸ்ஸம்மாவின் கை தானாகப் போய்த் திரும்பும் விளக்கைப் போட்டது. விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது.

"பிள்ளைங்க யாரும் இல்லை பஸ்ஸம்மா" என்றார் அவர். "நேரா போ."

அவள் விளக்கை அணைத்துவிட்டு நேராகப் போனாள். அப்பால் பெரிதாக ஒன்றும் இல்லை. வயல், ஒரு மர ஆலை, பிறகு ஒரு மேடு, மேட்டுக்குப் பின்னால் ஓர் ஏரி. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அன்று ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டார்கள். சுவரில் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் துண்டு எதுவும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸம்மாவை எழுப்ப அவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.