கை நனைக்காத சம்பந்தி

கருக்களாச்சேரியில் நீலாயதாட்சி வைக்கிற மீன் குழம்பைக் குறை சொன்னவர் எவரும் கிடையாது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அவளோடு பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிறது. அந்தக் குஞ்சம்மாகூட, "அவளுக்கு வாய்தான் ஆகாது, கை தங்கம்" என்று தெருக்குழாயில் நின்று சொல்லுவாள். சண்டைக்காரியே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று தனியாக வேறு விளக்க வேண்டுமா?

அந்த வீட்டுக்குத்தான் இளவேனில் மருமகளாக வந்தாள். குரும்பகரத்துச் சிதம்பரநாதனின் ஒரே மகள், வயலும் வரப்பும் பார்த்து வளர்ந்தவள். காரைக்காலில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போன இடத்தில் நீலாயதாட்சியின் மகன் முத்துக்குமரனைப் பிடித்துப்போயிற்று. சுனாமி வந்து போய் மூன்று வருடம்கூட ஆகாத நேரம் அது. "நெலம் போட்ட எடத்துல கெடக்கும். கடலுக்குப் போறவன் திரும்பி வருவான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் சிதம்பரநாதன். பெற்றவர் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மனிதர் பயத்தோடு நிற்கவில்லை. மகள் மசியவில்லை என்றதும், "உன்னைக் கை கழுவியாச்சு, போ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு வந்தார், அதுவும் மனைவி கமலாம்பாள் அழுத அழுகைக்காக. ஓரமாக நின்று அட்சதை போட்டார். பந்தி விரித்ததும் செருப்பைத் தேடினார். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போனவர், அதற்குப் பிறகு கருக்களாச்சேரிப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. கமலாம்பாள் மட்டும் மாதம் ஒரு தடவை வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

வந்த புதிதில் இளவேனிலுக்கு வஞ்சிரம் வறுவல்தான். வஞ்சிரம் கிடைக்காத நாளில் வௌவால். கனமான துண்டு, முள் கிடையாது, மேலே மிளகாய் மொறுமொறுப்பு. அவளும் சாப்பிட்டாள். ஆனால் அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு மாமனார் தர்மலிங்கமும் முத்துக்குமரனும் மாமியாரும் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்து வேறு எதையோ சாப்பிட்டார்கள். மண்சட்டியில் கருஞ்சிவப்புக் குழம்பு, அதில் விரல் நீளத்துக்கு வெள்ளி வெள்ளியாய்ச் சின்ன மீன். அதைச் சாப்பிடும்போது யாரும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்தும் தர்மலிங்கம் எழுந்திருக்கவில்லை. கை காயக் காய உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். "நல்ல கொழம்பு தின்ன கையை ஒடனே கழுவுறவன் மனுஷனா?" என்பது அவர் கட்சி.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் இளவேனில். எட்டாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள்.

"அத்தை, எனக்கும் அது வேணும்."

"இதா? இது காரப்பொடி தாயி, பூரா முள்ளு. ஒனக்கு வஞ்சிரம் வறுத்து வச்சிருக்கேனே."

"வஞ்சிரம் விருந்தாளிக்குப் போடுறது. நான் என்ன விருந்தாளியா?"

நீலாயதாட்சி அசந்து போனாள். அப்புறம் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னாள். அன்றைக்கு அந்தப் பெண் சாப்பிட்ட சாப்பாட்டை என்னவென்று சொல்ல! மாங்காய்ப் புளிப்பு ஏறின சின்ன மீன், நாக்கில் வைத்ததும் சதை முள்ளை விட்டு நழுவியது. இத்தனை ருசியை அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டு எனக்கு வஞ்சிரத்தைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்களே என்று அவளுக்குக் கோபமே வந்தது.

அதிலிருந்து மாமியார் சமைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பாள். நீலாயதாட்சியிடம் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. "கெழங்கான் காய்ச்சக்காரனுக்கு. சுறாவைப் புட்டு பண்ணாம கொழம்பு வைக்கிறவளை வீட்ட விட்டுத் தொரத்தணும். திருக்கைக்குப் பூண்டைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடு. நெத்திலிய எண்ணிப் போடுற வீட்டுல பொண்ணு எடுக்காத." காரப்பொடி என்றால் மட்டும் பேச்சு நின்றுவிடும். புளியும் மசாலாவும் கொதித்து வற்றி, நல்லெண்ணெய் மேலே மிதந்து வந்த பிறகுதான் மாங்காய். மாங்காய் குழைகிற நேரம் பார்த்து மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி உள்ளே போகக்கூடாது. சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஒரே ஒரு சுழற்று, அவ்வளவுதான். அந்தச் சுழற்றலைப் பார்க்கும்போதெல்லாம் இளவேனிலுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும்.

பங்குனி மாதம். இளவேனிலுக்கு ஏழு மாதம். வளைகாப்பைக் குரும்பகரத்தில் வைத்து, பிரசவத்துக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று பேச்சு. அழைத்துப் போக வர வேண்டிய கமலாம்பாள் வரப்பில் வழுக்கிக் காலைப் பிசக்கிக்கொண்டாள்.

"அப்பாதான் வராரு" என்று போனில் சொன்னாள். "அங்க கை நனைக்க மாட்டாருடி. நீ ஒண்ணும் பேசாம கெளம்பி வந்துடு."

இளவேனில் போனை வைத்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டாள். உள்ளே இருப்பது இந்த வீட்டுப் பிள்ளை. இந்த வீட்டுச் சோறு ஆகாது என்கிறவர் வீட்டுக்கு அதைச் சுமந்துகொண்டு போய் எப்படிப் பெற்றுக்கொள்வது? அப்பா ஒரு வாயாவது இங்கே சாப்பிடாமல் படி இறங்குவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். மாமியாரிடமும் சொன்னாள்.

"அவருக்கு என்ன மீனு புடிக்கும்?" என்று கேட்டாள் நீலாயதாட்சி.

"விரால், அத்தை. கொளத்து விரால்னா உசுரு."

நீலாயதாட்சி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இம்மாம்பெரிய கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சேத்துல கெடக்குறதையா தின்பாரு?" என்றாள். கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "சரி. அந்த மனுஷன் கை நனைச்சாப் போதும். சேத்தையே வேணாலும் சமைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முத்துக்குமரனை, "நீ எதிர்ல நின்னா அவருக்குச் சோறு எறங்காது" என்று கடலுக்கு விரட்டிவிட்டாள். தர்மலிங்கம் காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போய் உயிர் விராலை வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததுதான் தாமதம், விரால் எகிறிக் குதித்துக் கொல்லையில் விழுந்து நெளிந்து ஓடியது. ஆள் உயரச் சுறாவை அறுத்துக் கூறு போட்ட நீலாயதாட்சி, "ஐயோ அம்மா!" என்று அலறித் துவைக்கிற கல்லின் மேல் ஏறிக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் குஞ்சம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் சண்டையும் மறந்துபோய், "சாம்பலப் போட்டுப் புடிடி! சாம்பலும் உப்பும் போட்டுக் கல்லுல ஒரசுனாத்தான் அது அடங்கும்" என்று கத்தினாள்.

"இவ சொல்லி நான் கேக்கணுமா?" என்று முணுமுணுத்தாள் நீலாயதாட்சி. கோணியைப் போட்டு மீனைப் பிடித்தாள். கடல் மீனை அலசுகிற மாதிரியே தண்ணீரில் அலசினாள். குழம்பு கொதிக்கையில் இளவேனில் மூக்கைச் சுளித்தாள். மசாலாவையும் மீறிக்கொண்டு சேற்று வாடை வந்தது.

நல்லவேளையாகப் பக்கத்து அடுப்பில் வீட்டு ஆட்களுக்கென்று காரப்பொடிக் குழம்பு தயாராக இருந்தது. அதை நல்லவேளை என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. விராலைத் தூரக் கொட்டுவதா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் விழித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது.

சிதம்பரநாதன் வெள்ளை வேட்டியும் விறைத்த முகமுமாக இறங்கினார். ஆட்டோக்காரர் மதார் சாகிபிடம், "இந்தா வந்துடுறேன், நில்லுங்க" என்று சத்தமாகச் சொன்னார். வீட்டுக்காரர்கள் காதில் விழட்டும் என்றுதான். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். சட்டென்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவலாம்" என்றார் தர்மலிங்கம்.

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஆட்டோ நிக்குது." மகளைப் பார்க்காமலே, "கெளம்பு" என்றார்.

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் இளவேனில். "காலையில பச்சத் தண்ணிகூடக் குடிக்காமக் கெளம்பிட்டீங்கன்னு அம்மா போன் பண்ணிட்டாங்க. நீங்க இங்க கை நனைக்காம நான் வரல."

"ஏழு மாசத்துலயும் திமிரு குறையல பாத்தியா!"

"ஒங்க பொண்ணுதானே, எப்படிக் குறையும்?"

சிதம்பரநாதன் எழுந்தே விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அடுப்படியிலிருந்து நீலாயதாட்சி வெளியே வந்தாள். கையில் கரண்டி, நெற்றியெல்லாம் வேர்வை.

"சம்பந்தி, பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க. தப்பு எம்மேலதான். ஒங்களுக்குப் புடிக்குமுன்னு விரால் வாங்கியாரச் சொன்னேன். பொறந்ததுலேந்து நான் அதைத் தொட்டதில்ல. சேத்து வாடை எடுக்கத் தெரியாமக் கெடுத்துப்புட்டேன். ஒங்களுக்குப் புடிச்சதாப் போட ஒண்ணுமில்லாமப் போச்சு." தெருவையே வாயால் கட்டி ஆளுகிறவள், தன் சமையல் கெட்டுவிட்டது என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அதுவும் ஒரு சேற்று மீனுக்காக.

சிதம்பரநாதன் அவளையே பார்த்தார். விறைப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சாம்பலும் உப்பும் போட்டுக் கல்லுல ஒரசலீங்களா?" என்று கேட்டார்.

"குஞ்சம்மா அப்பவே சொன்னா. நான்தான் வீம்புக்குக் கேக்கல."

"அட, அதை ஒரசாம விட்டா எப்படிங்க? எனக்காகவா விரால்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, மூக்கை உயர்த்தினார். "இந்த வாசம் விராலுது இல்லையே. மாங்கா போட்ட மாதிரி இருக்குதே?"

"அது எங்களுக்கு வச்ச காரப்பொடிங்க. சம்பந்திக்குப் போடுற மீனா அது? பூரா முள்ளு. வஞ்சிரம் வறுத்து வச்சிருக்கேன், அதைப் போடவா?"

"கெண்டை தின்னு வளந்த வாய்க்கு முள்ளு ஒரு பொருட்டாங்க? அதைப் போடுங்க."

சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார். இளவேனில் இலையை விரித்தாள். நீலாயதாட்சி சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். சிதம்பரநாதன் இலையில் தண்ணீர் தெளித்துக் கை நனைத்தார். முதல் கவளம் உள்ளே போனதும் அவர் தாடை ஒரு கணம் நின்றது. பிறகு நிற்கவே இல்லை.

எதிரே தர்மலிங்கமும் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் பேசவில்லை. முள்ளை உதட்டால் ஒதுக்கி ஒதுக்கி இலையோரம் வைத்தார்கள். சம்பந்தி ஒரு முள்ளில்கூடத் துளிச் சதை விடாமல் சாப்பிடுவதைத் தர்மலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். கடற்கரையிலேயே இப்படிச் சாப்பிடத் தெரிந்தவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு" என்றார் சிதம்பரநாதன். அப்புறம் மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை, இலையை மட்டும் பார்த்தார். நீலாயதாட்சி சட்டியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"என்ன கைங்க ஒங்க கை!" என்றார் அவர். "கமலாம்பா மாசா மாசம் இங்க எதுக்கு ஓடியாராள்னு இப்பல்ல புரியுது."

நீலாயதாட்சி முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. தர்மலிங்கம் எழுந்து போய் மதார் சாகிபைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார். விருந்தாளி வஞ்சிரம் அவர் இலைக்குப் போயிற்று. "மாஷா அல்லா, தினம் இந்த வீட்டுக்குச் சவாரி வந்தா நல்லாருக்கும்" என்றார் அவர். விராலைக் குஞ்சம்மா வீட்டுப் பூனை ஒரு கை பார்த்தது.

சாப்பாடு முடிந்தும் சிதம்பரநாதன் எழுந்திருக்கவில்லை. அரசலாற்றில் தண்ணீர் வந்த கதை, மகசூல் கதை, பைபர் படகுக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்வி என்று தர்மலிங்கத்தோடு பேசிக்கொண்டே போனார். மாப்பிள்ளை எத்தனை மணிக்குக் கரைக்கு வருவான் என்றுகூட விசாரித்தார். வந்த பிறகு பார்த்துவிட்டே போகலாம் என்றார். வலது கை குழம்பு காய்ந்து சிவந்து விறைத்துப்போயிருந்தது.

இளவேனில் செம்பில் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். பையெல்லாம் கட்டிக் கூடத்தில் வைத்தாயிற்று.

"அப்பா, கை காயுது பாருங்க. கழுவுங்க."

சிதம்பரநாதன் தலையை நிமிர்த்தினார். வந்ததிலிருந்து இப்போதுதான் அவளை முகத்துக்கு முகம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. காரம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

"கழுவினது போதும்டி" என்றார். "செம்பை அங்கிட்டு வச்சுட்டு இப்படி வந்து பக்கத்துல ஒக்காரு."