தார்ஸ்பி பிரபுவின் கையெழுத்து

கட்டில் மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நான்கு ஆட்கள் மூச்சிரைக்க நின்றார்கள். கட்டிலின் மேல் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி தார்ஸ்பி பிரபு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் திருப்புங்கடா. இடதுன்னா எதுன்னு தெரியாதா?"

"அது வலது, அப்பா," என்றாள் ஹெஸ்டர், கீழ்ப்படியில் நின்று.

"எனக்கு இடது."

படுத்த இடத்தைவிட்டு அசைக்கவே கூடாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதயம் இன்று தாங்கினால் பெரிது என்பதையும் ஹெஸ்டரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அப்பாவோ, லாயம் கண்ணில் படாத அறையில் சாவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். கீழே நூலக ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது, சினைக்குதிரையைக் கட்டியிருந்த கொட்டடி. மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு கம்பியைக் கழற்றி, சுவரில் ஒரு மூதாதையரின் படத்தைக் கிழித்து, ஒருவழியாகக் கட்டில் நூலகத்துக்குள் வந்து சேர்ந்தது.

அங்கே வக்கீல் ஒக்கண்டன் முழங்காலில் ஒரு தோல்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதத்தில் நான்காவது தடவை. பையில் இருந்த உயிலில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. பட்டமும் வீடும் நிலமும் ஆண் வாரிசான அப்பாவின் தம்பி மகன் பியர்ஸுக்குப் போவது எப்படியும் மாறாது. ஆனால் பதினாலு பெட்டைக் குதிரைகளும் அப்பாவின் சொந்தம். பழைய உயிலில் அவையும் பட்டத்தோடு போவதாக எழுதியிருந்தார். புதியது ஹெஸ்டருக்கு. கிறிஸ்துமஸுக்கு வந்த பியர்ஸ், லாயத்தில் எத்தனை மோட்டார் கார் நிற்கும் என்று நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"பிரபு, இங்கே ஒரு கையெழுத்து," என்றார் ஒக்கண்டன்.

குட்டி பிறக்கட்டும், முடிவு தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை என்றார் பிரபு. பிறகு ஒரு மணிநேரம், தென்னாப்பிரிக்காவில் எதிரியின் பீரங்கி வரிசையை நோக்கித் தன் படைக்கு முன்னால் தனியாகப் பாய்ந்த கதையை வக்கீலுக்குச் சொன்னார். ஹெஸ்டர் காதை மூடிக்கொள்ளாத குறை. அன்று அவருக்குப் பின்னால் வந்த சிப்பாய்தான் டெபட், இப்போது லாயத்தின் தலைமைக் குதிரைக்காரர். அப்பாவின் குதிரை கடிவாளத்தைக் கவ்விக்கொண்டு மிரண்டு ஓடியது, கர்னலாக இருந்த அவருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை என்று டெபட் ஒருமுறை அவளிடம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியிருந்தார்.

அப்பாவின் வாழ்க்கையே அப்படித்தான். இருபத்திரண்டு வருடம் பாராளுமன்றத்தில் இருந்தார். எல்லோரும் நினைவு வைத்திருக்கும் அவருடைய ஒரே பேச்சு, அம்மா எழுதிக்கொடுத்தது. டான்காஸ்டர் பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்காக அவரைக் குதிரை மந்திரவாதி என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் குதிரையின் தாயோடு இணைசேர்க்கப் பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்தவள் ஹெஸ்டர். அப்போது அவர் லண்டனில், பாராளுமன்றத்தில் ஏதோ மசோதாவுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைப் படத்தில் அவர் கடிவாளத்தைப் பிடித்துச் சிரிக்கிறார். ஓரத்தில் அவருடைய மேல்கோட்டைத் தாங்கியபடி ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது ஹெஸ்டரின் முழங்கை.

பட்டப்பகலில் குட்டி போடும் குதிரை அபூர்வம். பன்னிரண்டரைக்கு டெபட் கொட்டடி வாசலில் நின்று கையை உயர்த்தினார். ஹெஸ்டர் ஓடினாள். அரைமணிநேரத்தில், சட்டைக்கை நனைந்து திரும்பி வந்தாள்.

"பெட்டை. தாயும் குட்டியும் நல்லா இருக்கு."

அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்து, டெபட் குட்டியைத் தூக்கி நிறுத்திக் காட்டினார்.

"முன்னங்கால் கோணல்," என்றார் பிரபு.

"நாளாக ஆக நேராகும்."

"யார் தேர்ந்தெடுத்த பொலிகுதிரை?"

"நான்தான். உங்களுக்கே தெரியும்."

அவர் குதிரைகளின் பதிவேட்டைக் கேட்டார். ஒக்கண்டன் அவசரமாகப் பேனாவைத் திறந்து உயிலை நீட்டினார். பிரபு பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் நெடுநேரம் எழுதினார். ஹெஸ்டர் அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள். இந்தக் குட்டியும் இதன் தாயும் இன்றுமுதல் ஹெஸ்டருக்கு. வளர்ப்பாளர்: ஹெஸ்டர் தார்ஸ்பி. கீழே, கோட்டைத் தாண்டி ஓடும் அவர் கையெழுத்து.

அவளுக்கு உச்சந்தலை சூடேறியது.

"ஜெயிச்சது உங்க பேர்ல. கோணக்காலோட பிறந்தது என் பேர்லயா?"

"என் பேர்ல போட்டா ஊரே சிரிக்கும்," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உன்னைப் பார்த்து யாரும் சிரிச்சதில்ல," என்றார்.

அது பாராட்டா, ஏளனமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாற்பத்தாறு வருடமாகப் பிடிபட்டதில்லை.

"அப்பா, உயில். ஒரே ஒரு கையெழுத்து."

"சூப் குடிச்சிட்டு. நேத்து மாதிரி உப்பு அள்ளிப் போடவேண்டாம்னு சொல்லு."

அவள் சமையலறைக்குப் போனாள். சமையல்காரியோடு உப்பைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். தட்டோடு திரும்பியபோது ஒக்கண்டன் எழுந்து நின்றிருந்தார். குதிரைமேல் வக்கீல்கள் உட்காரும் லட்சணத்தைப் பற்றிப் பிரபு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாராம், பேச்சு பாதியில் நின்றுபோனதாம். பேனா இன்னும் பிரபுவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. கண்கள் ஜன்னலைப் பார்த்தபடி திறந்திருந்தன.

ஹெஸ்டர் தட்டை மேசைமேல் வைத்தாள். சூப் கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" என்றாள் அவரிடம். ஒரு வேலையாவது முழுசாக முடித்தாரா இந்த மனிதர்? பேனாவை அவர் விரல்களிலிருந்து எடுத்து மூடி வக்கீலிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் கண்களை மூடினாள்.

ஒக்கண்டன் தொண்டையைச் செருமினார். மற்ற பதிமூன்று குதிரைகளை இனி ஒன்றும் செய்ய முடியாது, அவை பியர்ஸுக்குத்தான் என்றார். பதிவேட்டைக் கையில் எடுத்து மறுபடி படித்தார். "ஆனா இது நிக்கும். என் கண்ணெதிர்ல எழுதிக் கொடுத்தது. குட்டியும் தாயும் உங்களோடதுதான், மிஸ் ஹெஸ்டர்."

பியர்ஸுக்குத் தந்தி கொடுக்கவேண்டும், பாதிரியாருக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெபட் வாசலில் வந்து நின்றார். கட்டிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லு, டெபட்."

"குட்டி நிக்க முடியாம விழுது, மிஸ். பால் இன்னும் குடிக்கல. இப்ப வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

"நான் வரேன்."

முற்றத்தில் வெயிலும் காற்றுமாக இருந்தது. கொட்டடிக்குள் தாய்க்குதிரை தலையைத் திருப்பி அவளை முகர்ந்தது. டெபட் குட்டியின் வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி, அதன் வாயை மடிப்பக்கம் திருப்பினார். ஹெஸ்டர் வைக்கோலில் மண்டியிட்டாள். கோணலான முன்னங்காலை இரு கைகளாலும் பற்றி, முட்டியிலிருந்து குளம்புவரை மெல்ல நீவிவிட்டாள். கால் வெடவெடவென்று நடுங்கியது. மேலே பால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் பிடியை விடவில்லை.