சிலிண்டருக்கு ஒரு பங்கு

எங்கள் காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். முதலாவதில் அம்மா, இரண்டாவதில் என் மனைவி, மூன்றாவதில் அப்பா, நான்காவதில் தம்பி இளம்பரிதி இருக்கிறார்கள். நான் ஓட்டுகிறேன். அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அதனால் எஞ்சினுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. அவரவர் முறை வரும்போது எரிந்தால் போதும்.

போன வாரம் பல்லடம் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஆரோக்கியசாமி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

"மொத்தப் பெட்ரோல் சரியாத்தானுங்க இருக்குது. பங்குலதான் கோளாறு."

நான்கு பேர் விடும் புகையும் சேரும் குழாயில் ஒரு சென்சார் உண்டு. எது யாருடைய புகை என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு மூச்சு வெறும் காற்றாகவும் அடுத்த மூச்சு பெட்ரோல் நெடியோடும் வந்தால் அது பதறிவிடும். ஆள் யார் என்பதை எஞ்சின் சுற்றும் வேகம் காட்டிக்கொடுத்தது. மூன்றின் முறையில் வேகம் தளர்ந்தது. அடுத்து வந்த நான்கின் முறையில் எகிறியது.

"பெரியவரு பெட்ரோல் இல்லாம வெறும் காத்தைக் குடிச்சுட்டுக் கெடக்கறாருங்க. இப்படியே போனா ஒரு நாள் எரியாம நின்னுருவாரு."

மூன்றாவது இடத்தில்தான் அடைப்போ என்று பார்க்க, அப்பாவையும் தம்பியையும் இடம் மாற்றினோம். தோள் உரசித்தான் கடந்தார்கள். அப்போதும் பேசவில்லை. தம்பி மூன்றாவதில் கரும்புகை விட்டான். பட்டினி இப்போது நான்காவதில் இருந்தது. அப்பா போன இடத்துக்கெல்லாம் கூடவே போயிருக்கிறது.

நான் நான்காவதைத் தட்டினேன்.

"அப்பா, உங்க பங்கைத் தம்பிக்குக் குடுக்கறீங்களா?"

"அவம் பேச்சை எங்கிட்ட எடுக்காதடா," என்றார். குரல் மெலிந்து சுட்டது.

பங்கைக் கைமாற்ற முடியாதபடி, யாருக்கும் அவர் கை எட்டாத இடத்தில் அவரை வைக்கச் சொன்னார் ஆரோக்கியசாமி. அப்படி ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான் இருந்தது. அப்பா அதில் உட்கார்ந்தார். அவர் இடத்தில் நான் இறங்கினேன். தம்பியிடம் யாரும் சொல்லவில்லை.

உள்ளே நல்ல இருட்டு. வண்டி கிளம்பியதும் என் பங்கு வந்தது, அளவாக. கொஞ்ச தூரம் போனபின் பக்கத்துச் சுவர் வழியாக ஒரு கை நீண்டது. தம்பியின் கை. அதில் ததும்பத் ததும்பப் பெட்ரோல் இருந்தது. அப்பாவின் பங்கு இன்று வராததால், சுவருக்கு இந்தப் பக்கம் அவர் வெறுமையாய்க் கிடக்கிறார் என்று நினைத்திருப்பான்.

நான் யார் என்று காட்டிக்கொள்ளாமல், அப்பாவைப் போலவே பேசாமல் இருந்து வாங்கிக்கொண்டேன். மேலே மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். அப்பா வண்டியை நிறுத்தவில்லை.