கை மட்டும் பாக்கி

நான் தையல் மிஷின் வாங்கியதற்குக் காரணம் ஆசை இல்லை, கோபம். சாரம் பகுதியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் டெய்லர் சாமிக்கண்ணு, என் மயில்கழுத்துக் கலர் ஜாக்கெட்டை இரண்டு மாதமாக 'நாளைக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி கல்யாணமே முடிந்துவிட்டது. எல்லா போட்டோவிலும் புடவைக்குப் பொருந்தாத ஜாக்கெட்டோடுதான் நிற்கிறேன். அவர் கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்: "வர்ற தீபாவளிக்கு நானே தைச்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கினு உங்க கடை வழியாத்தான் கோயிலுக்குப் போவேன். பாத்துக்கங்க!"

ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிற ஆள் நான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். தோற்றுப்போனால் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன்?

அது 2005. ஆயுத பூஜையன்று புதுப் பொருள் வாங்கினால் நல்லது என்று, அன்றைக்கே ஜமால் பாயின் மிஷின் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கோபிநாத், பக்கத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி பூஜை முடிந்து நேராகக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தார். அவர் வண்டியின் பின்னால் சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

"நமக்கு மிஷினைப் பத்தி இன்னா தெரியும், பூர்ணிமா? இவருக்கு இன்னிக்குக் கடை லீவு, சும்மாதான் இருந்தாரு. அதான் கூட்டியாந்தேன்," என்றார் பெருமையாக. எனக்குத் தையல் ஆசை வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சண்டை நடந்ததைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. அது என் தப்புதான்.

சாமிக்கண்ணு ஒன்றுமே நடக்காதது போல, "வாம்மா" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கண் ஒரு வெள்ளை மோட்டார் மிஷின் மேல் இருந்தது. பன்னிரண்டு வகைப் பூப்போடுமாம். சாமிக்கண்ணு அதைத் தாண்டிப்போய், மூலையில் நின்ற கறுப்புக் கால்மிஷினைக் காட்டினார்.

"இதை எடும்மா. புதுசா கத்துக்கறவங்களுக்கு இதான் சரி."

மட்டமானதை என் தலையில் கட்டித் தோற்கடிக்கப் பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். "அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க," என்றேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆயுத பூஜையாச்சே. காலைல என் மிஷினுக்குப் பொட்டு வச்சிட்டேன். இன்னிக்கு எந்த மிஷினையும் தொட மாட்டேன். நீ ஓட்டு. ஒனக்கு இன்னும் இது தொழில் ஆவலையே, ஒரு குத்தமும் இல்ல."

ஜமால் பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வெள்ளை மிஷின் முன்னால் உட்கார்ந்து பெடலை லேசாக மிதித்தேன், அவ்வளவுதான். துணி விர்ரென்று ஓடியது. நான் "ஐயோ" என்று கத்திக் காலை எடுப்பதற்குள் மறுமுனைக்கே போய்விட்டது. விரல் தப்பியதே பெரிய விஷயம்.

"எங்க கம்பெனி லாரியே இவ்ளோ வேகமா போவாது," என்றார் கோபிநாத்.

வேறு வழியில்லாமல் கறுப்பு மிஷினுக்கு வந்தேன். மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, நூல் பட்டென்று அறுந்தது. ஜமால் பாய் மறுபடி கோத்துக் கொடுத்தார். மறுபடி அறுந்தது.

கட்டிய கையைப் பிரிக்காமலே சாமிக்கண்ணு சொன்னார்: "மொதல்ல வலது கையால சக்கரத்தை உன் பக்கமா இழுத்து வுடு. அது கெளம்பின அப்புறம் மிதி. அவசரப்படாத, நீ நிறுத்துனா அதுவும் நிக்கும்."

இழுத்தேன். மிதித்தேன். ஊசி டக் டக்கென்று இறங்கி ஏறியது. கோணலும் மாணலுமாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விழுந்தது. நான் தைத்தது! சந்தோஷத்தில், யார் மேல் கோபமாக இருந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

"இதையே எடுத்துக்கறோம் பாய்," என்றேன்.

அப்போதுதான் சாமிக்கண்ணு தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். என் மயில்கழுத்து ஜாக்கெட். கழுத்தும் கொக்கியும் முடிந்திருந்தன. கைகள் இரண்டும் வெட்டியபடி தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"கை மட்டும் பாக்கி. நேத்தே முடிச்சிருப்பேன், நீ போட்ட சத்தம் ஞாபகம் வந்துச்சு. நீயே வச்சுத் தைச்சுக்கம்மா. மிச்சத்தை யாரு தைச்சாங்கன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபக்காரிக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

மறுநாள் விஜயதசமி, வீட்டில் முதல் தையலை அன்றே போட்டேன். மூன்று வாரம் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பழகி, தீபாவளிக்கு முந்தின நாள் இரண்டு கைகளையும் வைத்து முடித்தேன். காலையில் அதைப் போட்டுக்கொண்டு, சொன்னபடியே அவர் கடை வழியாகக் கோயிலுக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, தானும் பின்னாலேயே வந்தார்.

தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பினார்கள். நான் மார்போடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் கை எழும்பவில்லை. அக்குளில் இறுக்கிப் பிடித்தது.

சாமிக்கண்ணு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "வலது கையை எடது பக்கம் வச்சிட்டியாம்மா? நாளைக்குக் கொண்டா, மாத்தித் தரேன்."

'நாளைக்கு' என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாண்ணே," என்றேன். "வீட்டுல மிஷின் இருக்கு. நானே பிரிச்சுத் தைச்சுக்கறேன்."