ஜேக்கப் சிரித்த வருடம்

ஜேக்கப்புக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. மைசூர் ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் பெட்டிகளின் பிரேக்கைச் சோதித்தவர். ஓய்வு பெற்று விஜயநகர் வீட்டில் உட்கார்ந்த பிறகு, சோதிக்க ரயில் இல்லாததால் மனைவியைச் சோதித்தார். சுவரில் காலண்டர் அரை அங்குலம் சாய்ந்தால் போதும், "உனக்குக் கண்ணு தெரியலயா, ஜேன்?" என்று எழுந்துபோய் நேராக்குவார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜேன் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர். அந்தப் பொறுமையை வைத்துத்தான் முப்பத்திரண்டு வருடம் ஓட்டினாள்.

போன வருடம்தான் அந்த அதிசயம் நடந்தது. காலண்டர் சாய்ந்திருந்தது. ஜேக்கப் அதைப் பார்த்தபடியே கடந்துபோய், ஜன்னலோரம் நின்று விசிலடித்தார். அடுத்த வாரம் இட்லியைப் புகழ்ந்தார். கூட்டம், தூசி என்று வருடா வருடம் தட்டிக்கழித்த மனிதர், தானாகவே அவளைத் தசரா எக்ஸிபிஷனுக்குக் கூட்டிப்போனார். ராட்டினத்தின் உச்சியில் கையைத் தூக்கிக் கூவினார். இறங்கியதும் இருபது ரூபாய்க்கு ஒரு சிவப்புப் பட்டாம்பூச்சி கிளிப் வாங்கி, அத்தனை பேர் பார்க்க அவளுடைய நரைத்த கொண்டையில் குத்திவிட்டார். ஜேனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வீட்டுக்கு வந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. தன் ஜெபம் ஆண்டவர் காதில் விழவே முப்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒருநாள் சர்ச்சில், ஒரு அடக்க ஆராதனையின் நடுவில், ஜேக்கப் வாய்விட்டுச் சிரித்தார். சேதி கேட்டு பெங்களூரிலிருந்து மகள் நிம்மி ஓடிவந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

"மூளையோட முன்பகுதிதான்மா நம்மளோட பிரேக்," என்றார் டாக்டரம்மா. "எதைச் சொல்லலாம், எதை அடக்கணும்னு அதுதான் பாத்துக்கும். கட்டி அதைப் போட்டு அமுக்குது."

"ஊரு ரயிலுக்கெல்லாம் பிரேக் பாத்தேன், என் பிரேக் போனது எனக்கே தெரியலையே!" என்று ஜேக்கப் விழுந்து விழுந்து சிரித்தார். நிம்மி அழுதாள்.

ஜேன் டாக்டரைத் தனியாகப் பிடித்தாள். "அதை எடுக்காம விட்டா?"

"பார்வை போகும், ஃபிட்ஸ் வரும். அப்புறம் ஆளே தங்கமாட்டார்."

"எடுத்தா?"

"ஹெதரபேடிம்மா," என்று கன்னடத்தில் தேற்றினார் டாக்டரம்மா. "பயமே வேணாம். பழைய ஜேக்கப்பா திரும்பி வந்துடுவார்."

அவள் பயந்ததே அதற்குத்தான். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பழைய ஜேக்கப்பை அவளுக்கு நன்றாகவே தெரியும். கிளிப் வாங்கிக் கொடுத்தவரோடு ஒரு வருடம்கூட முழுதாக வாழவில்லை. அத்தனை பிரியமும் ஒரு கட்டி செய்த வேலைதானா என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. எதுவானால் என்ன, சிடுசிடுத்துக்கொண்டாவது உயிரோடு இருக்கட்டும் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், தலைக்கட்டோடு படுத்திருந்த ஜேக்கப் எதிர்ச் சுவரை முறைத்தார். "அந்தக் காலண்டரை எவன் மாட்டினான்? கோணலா இருக்கு."

நிம்மி சந்தோஷத்தில் கைதட்டினாள். ஜேன் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போய், தேம்பித் தேம்பி அழுதுவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் போனது. வீட்டில் எல்லாம் நேராகிவிட்டது. காய் நறுக்கும்போது ஜேனுக்கு அந்த ராட்டினம் ஞாபகம் வரும். மேலே போனதும், பக்கத்தில் ஒருவர் கூவியதும் வரும். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள்.

ஒரு சாயங்காலம் ஜேக்கப் சமையலறை வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷம் நான் பண்ணதெல்லாம் ஞாபகம் இருக்கு. சர்ச்சுல, ராட்டினத்துல... நாலு பேர் முன்னாடி உன்னை அசிங்கப்படுத்திட்டேன். மனசுல வச்சுக்காத, ஜேன்."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் கேட்ட முதல் மன்னிப்பு. அதையும் எதற்குக் கேட்டார் பாருங்கள்!

ஜேன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கையைவிட்டு அந்தச் சிவப்பு கிளிப்பை எடுத்தாள். கண்ணாடி பார்க்காமலே கொண்டையில் குத்திக்கொண்டு, அடுப்பிலிருந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

"எனக்கு அதெல்லாம் பிடிச்சிருந்துச்சு," என்றாள், திரும்பாமல்.

 ஜேக்கப் போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். சப்பாத்தி கருகும் வாசனை வந்தது. அப்போது கொண்டையில் விரல்கள் பட்டன.

"கோணலா இருக்கு. ஆடாம நில்லு," என்று சிடுசிடுத்தபடி ஜேக்கப் கிளிப்பைக் கழற்றி, நேராகக் குத்திவிட்டார்.