வெற்றிலை வைத்து அழைத்த பஸ்

1

பஸ் கிடைக்காததால்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது.

வடசேரி பஸ் நிலையத்தில் கொட்டாரம் வண்டிக்காகக் கால் கடுக்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவர் நின்றார். யாரும் கேட்காமலே பாடம் எடுக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"பஸ்ஸுங்கது முழு வார்த்தையே இல்ல, கேட்டியளா" என்றார்.

முழுச் சொல் ஆம்னிபஸ்ஸாம். லத்தீன் மொழியில் 'எல்லாருக்கும்' என்று அர்த்தமாம். 'எல்லார்' என்பது அதன் தலைப்பக்கம். வாலில் ஒட்டியிருக்கும் உருபின் மிச்சம்தான் பஸ். தமிழில் சொன்னால் வெறும் 'க்கும்'. அதாவது நாங்கள் இத்தனை பேரும் ஒரு 'க்கும்' வருமென்றுதான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம்.

அவருடைய வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்து சேர்ந்தது அந்த 'க்கும்' மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பிரான்ஸ் தேசத்தில், நாந்த் என்னும் ஊரில், ஒரு தொப்பிக் கடைக்காரர்

(நிறுத்திவிட்டேன். அந்தக் கடை வாசலில்தான் முதல் பொது வண்டி நின்றதாம். கடைப் பலகையில் அவர் பெயரோடு 'எல்லாருக்கும்' என்ற சொல்லும் இருந்ததாம். அதுவே வண்டிக்குப் பெயராகிவிட்டதாம். அப்படி ஒரு கடை இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. அவர்கள் ஒரு தொப்பிக் கடையை இட்டுக்கட்டியிருக்கலாம் என்றால், நான் கொட்டாரத்தில் ஒரு பஸ்ஸை இட்டுக்கட்டக் கூடாதா?)

இரண்டாம் தொடக்கம்: 1931ஆம் ஆண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இறங்கிய காற்று

(காற்றில் தொடங்கினால் யாரும் பஸ் ஏறப் போவதில்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: நாராயணபெருமாள் பஸ் வாங்கினார்.

இது இருக்கட்டும்.

3

நாராயணபெருமாள் கொட்டாரத்தில் தேங்காய் வியாபாரி. ஊரில் அதற்கு முன்பு பஸ் இல்லை. (இந்தக் கதையில் இல்லை. சரித்திரக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) முதல் ஓட்டம் புதன்கிழமை, நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றுக்கு. இதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது? நல்ல காரியம் எதுவானாலும் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வீடு வீடாக ஏறி வெற்றிலை வைத்து அழைத்தார்.

"புதங்கெழம காலம்பற ஏழு மணிக்கு நம்ம பஸ்ஸு கோட்டாத்துக்குப் போவுது. குடும்பத்தோட வந்து ஏறித் தரணும்."

அத்தனை வினையும் இங்கேதான் பிடித்தது. டிக்கெட் வாங்கியவனுக்கு உட்கார இடம் கொடுத்தால் போதும். வெற்றிலை வாங்கியவன் விருந்தாளி. அவன் வராமல் வண்டியை எடுக்க முடியாது. அவனுக்குக் கோபம் வரலாம், வந்தால் சமாதானம் செய்தாக வேண்டும். அவனிடம் கட்டணம் கேட்பது எந்த ஊர் மரியாதை? ஆகவே எல்லாரும் சுருள்* கொண்டுவந்தார்கள்.

* கல்யாண வீட்டில் வைக்கும் மொய்ப்பணம். வெற்றிலையில் சுருட்டிக் கொடுப்பது. கண்டக்டர் சிலுவைமுத்துவுக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும். வெற்றிலையைப் பிரித்துப் பார்ப்பது மரியாதைதானா என்று தெரியவில்லை. பிரிக்காமலே ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

4

ராஜபாயை எழுதத்தான் எனக்குப் பயம்.

கொட்டாரத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். கணவன் தேவகுமார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. அதே புதன்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கும்படி அங்கே தலைமையாசிரியையான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தாள். பத்து அடித்தால் கேட்டைச் சாத்திவிடுகிற மிஸ்ஸியம்மா. வேலை கிடைத்தால் சம்பளம் உண்டு, பள்ளிக்கூடத்திலேயே ஓர் அறையும் உண்டு. கிடைக்காவிட்டால் கொழுந்தன் இஸ்ரவேல் வீட்டு அடுக்களைதான். அவன் அவளை நம்பி ஏற்கெனவே சமையல்காரியை நிறுத்திவிட்டான்.

முதல் பிரதியில் இவளை அழவைத்தேன். அழ மறுத்துவிட்டாள். இரண்டாம் பிரதியில் சமத்துவம் பற்றி ஒரு பக்கத்துக்குப் பேசவைத்தேன். அவசரமாகக் கிளம்புகிறவள் எங்காவது பிரசங்கம் செய்வாளா? அதையும் அடித்தேன்.

அவள் வீட்டுக்கு மட்டும் வெற்றிலை வரவில்லை. முதல் ஓட்டம் மங்கள காரியமாயிற்றே, புருஷன் செத்தவளை யார் அழைப்பார்கள்? நாராயணபெருமாள் கெட்டவர் இல்லை. அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். யோசிக்காமல் போயிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவர் அப்படி நின்றதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

5

புதன்கிழமை காலை. பஸ்ஸின் இரண்டு பக்கமும் வாழை கட்டி, நெற்றியில் மாலை போட்டிருந்தார்கள். உள்ளே பட்டுச்சேலையும் பிச்சிப்பூவுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. ராஜபாய் வெள்ளைச் சேலையும் குடையுமாக வந்தாள்.

"அண்ணாச்சி, கோட்டாத்துக்கு ஒரு டிக்கெட்டு."

நாராயணபெருமாள் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வாயேன் மக்களே. இன்னிக்கு மொத ஓட்டம்லா."

"நாளைக்கு எனக்கு நாகரோயில்ல சோலி இல்ல. இன்னிக்குப் பத்து மணிக்குத்தான் வரச்சொல்லியிருக்கு."

"எல்லாம் அழைச்ச ஆளுவ. ஆராவது ஒண்ணு சொல்லிட்டா பொறவு..."

"பஸ்ஸுன்னா எல்லாருக்கும்னு அர்த்தம் அண்ணாச்சி. நான் படிச்சிருக்கேன்."

"அதுக்குத்தானே மக்களே வீடு வீடா ஏறி எறங்குனேன்" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி சண்முகவடிவு குரல் கொடுத்தாள். "கொஞ்சம் ஒதுங்கி நில்லு ராஜபாய். மாமா வாற நேரம்."

ராஜபாய் குடையை விரித்து நடக்கத் தொடங்கினாள். ஒன்பது மைல். விடாமல் நடந்தால் மூன்று மணி நேரம். ஏழு மணி ஆகியிருந்தது.

மாமா வரவில்லை. நாராயணபெருமாளின் தாய்மாமன் முத்துக்கனி வீட்டிலேயே முறுக்கிக்கொண்டு கிடந்தார். அவருக்கு மட்டும் வெற்றிலை வைத்தது சண்முகவடிவு. "என்ன அழைக்க அவனுக்குக் காலு இல்லியா?" என்று கேட்டார். பஸ் அவர் வாசலுக்கே போய் நின்றது. நாராயணபெருமாள் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். ஏறியதும் அவருக்கு முன்சீட்டு வேண்டும். அங்கே இருந்தவரை எழுப்ப வேண்டும். எழுப்பப்பட்டவருக்கு வந்த கோபத்தைத் தணிக்க வேண்டும்.

பொற்றையடியில் பஸ் ராஜபாயைத் தாண்டிப் புழுதி கிளப்பிப் போனது. வழுக்கம்பாறையில் சம்பந்தி வீட்டார் ஏற வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரையும் இறக்கிக் காப்பி கொடுத்தார்கள். ராஜபாய் பஸ்ஸைத் தாண்டிப் போனாள். அப்புறம் பஸ். அப்புறம் ஓர் உறவுக்காரர் தோப்பில் இளநீர், அதனால் ராஜபாய். தாண்டும்போதெல்லாம் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"நல்லா வீசி நடக்கா" என்று உள்ளே ஒருவர் பாராட்டினார். ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

6

சுசீந்திரம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுபோனது.

சிலுவைமுத்து எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்பக்கம் செருகிச் சுற்றிப் பார்த்தார். இருமியதே தவிர எஞ்சின் கிளம்பவில்லை. தள்ள வேண்டும். ஒருவரும் இறங்கவில்லை.

"வெத்திலை வச்சு அழைச்சிட்டு வேலை வாங்குதியாலே?" என்றார் முத்துக்கனி.

முறைப்படி அவர் சொன்னது சரிதான். கல்யாணத்துக்கு வந்தவரைப் பந்தக்கால் நடச் சொல்வது வழக்கமில்லை. சிலுவைமுத்து ஒற்றை ஆளாகத் தள்ளினார். விருந்தாளிகள் நிறைந்த வண்டி அசையவே இல்லை. வண்டியை ஓட்டிவந்த நாராயணபெருமாள் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி முன்னும் பின்னும் பார்த்தார். அழைக்கப்படாத ஒரே ஆள் குடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

வழியில் செருப்பு வார் அறுந்து அவளுக்கும் நேரம் போயிருந்தது. மணி ஒன்பதரை. இனி ஓடினாலும் பத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"ராஜபாய்" என்றார் நாராயணபெருமாள். வண்டியின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார்.

"தள்ளுனா ஏத்துவியளா?"

"ஏத்துதேன்."

"டிக்கெட்டு தரணும். நான் சுருள் வைக்க மாட்டேன்."

"தாறேன் மக்களே."

குடையை மடக்கி முதுகுப் பக்கம் செருகிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். சிலுவைமுத்துவோடு சேர்ந்து தோளைக் கொடுத்தாள். வண்டி அசைந்தது, உருண்டது, ஒரு குலுக்கலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிலுவைமுத்து தாவி ஏறிவிட்டார்.

நாராயணபெருமாள் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "நிறுத்துனா திரும்பவும் நின்னுரும் மக்களே. ஓடி வந்து ஏறிக்கோ."

7

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முடிவு ஒன்று: ஏறிவிட்டாள். கோட்டாற்றில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேரும்போது மணி பத்தே கால். மிஸ்ஸியம்மாவும் அப்போதுதான் வந்து இறங்குகிறாள், அவளும் வேறொரு பஸ்ஸுக்குக் காத்திருந்தாளாம். (சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மிஸ்ஸியம்மா அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு இரண்டு: ஏற முடியவில்லை. கேட் சாத்தியாயிற்று. மாலையில் இஸ்ரவேல் வீட்டு அடுப்பில் அவள் ஊதுகுழலோடு குனிந்து (எழுதவே முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன்.)

முடிவு மூன்று: பிற்காலத்தில் அவளே சொந்தமாகப் பஸ் வாங்கி (இது வேண்டவே வேண்டாம்.)

வாத்தியார் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல் ஓடிய ஓட்டத்தில் 'எல்லார்' எங்கோ வழியில் விழுந்துவிட்டது. 'க்கும்' மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. சுசீந்திரம் சாலையில் இப்போது நான் பார்ப்பதும் அதைத்தான். வாழையும் மாலையுமாக 'க்கும்' முன்னால் போகிறது. எல்லாரில் ஒருத்தி செருப்பில்லாமல் பின்னால் ஓடிவருகிறாள்.

அவளுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும். சிலுவைமுத்துவால் முடியாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறார், மறு கையில் சுருள் பை. முத்துக்கனி முன்சீட்டைவிட்டு எழமாட்டார். நாராயணபெருமாள் வளையத்தை விட்டால் வண்டி ஆற்றில்.

கடைசி வரிசையில் வாசலை ஒட்டிய இடத்தை நான் இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. கவனித்திருக்க மாட்டீர்கள், மூன்றாம் பகுதியிலிருந்தே நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் வெற்றிலை வந்தது. வழுக்கம்பாறையில் நீங்களும் காப்பி குடித்தீர்கள். தள்ளச் சொன்னபோது நீங்களும் இறங்கவில்லை.

அந்த வண்டிக்குக் கதவு கிடையாது. அவள் கை உங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது.

உங்கள் கையில் சுருள் இருந்தால், அதை மடியில் வையுங்கள்.